புகை பிடிக்காத அக்காவும் பெயர் சொல்லாத நோயும்

பத்திரிகை அலுவலகத்தில் புதிதாகச் சேருகின்றவனிடம் முதலில் ஒப்படைக்கப்படும் வேலைகளுள் மரண அறிவித்தல்களைத் திருத்துவதும் ஒன்று. நானும் அப்படித்தான் தொடங்கினேன். இறந்தவரின் பெயர், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், தகனக் கிரியை நடைபெறும் இடம், நேரம் எல்லாவற்றையும் ஒரு சொல் பிசகாமல் பார்க்க வேண்டும். பெயர் ஒன்று விடுபட்டால் மறுநாள் காலையில் ஒரு குடும்பமே அலுவலக வாசலில் வந்து நிற்கும். ஆனால் அவர் எதனால் இறந்தார் என்பதை மட்டும் யாரும் எழுதித் தருவதில்லை. “சிறிது காலம் சுகவீனமுற்றிருந்த”, “திடீர் சுகவீனம் காரணமாக” என்ற இரண்டு தொடர்களுக்குள் உலகத்து நோய்கள் அனைத்தையும் அடக்கி விடுவோம். புற்றுநோயால் காலமானார் என்று எழுதிக் கொண்டு வந்த ஒரு குடும்பத்தையேனும் என் நினைவில் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அக்காவுக்கு மரண அறிவித்தல் எழுத வேண்டிய கடமை எனக்கே வந்தது. பெரியம்மாவின் மூத்த மகள் அவர். உடன்பிறவாக் குறையை எனக்குத் தெரியாமலே வளர்த்தவர். பேனையை எடுத்தேன். பழகிய கை பழகியபடியே எழுதியது: “சிறிது காலம் சுகவீனமுற்றிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை...”

பத்திரிகையில் பிழை நேர்ந்தால் மறுநாள் ‘திருத்தம்’ என்று ஒரு மூலையில் போடுவோம். காலந்தாழ்ந்தாலும் இது அத்தகைய ஒரு திருத்தம். அக்கா சுகவீனத்தால் இறக்கவில்லை. நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வாழ்நாளில் ஒரு சிகரெட்டையும் தொடாதவர் அவர். வெற்றிலை கூடப் போட்டதில்லை.

இதை எழுதுவதற்கு அவருடைய பிள்ளைகளின் சம்மதம் உண்டு. அவர்கள் பெயரையோ, சிகிச்சை பெற்ற இடங்களின் பெயரையோ நான் குறிப்பிடப் போவதில்லை. குற்றஞ்சாட்டுவது என் நோக்கமன்று. குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டிய ஒருவன் இருக்கிறான், அவனைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

எட்டு மாத இருமல்

அந்த ஆண்டு தைப்பொங்கல் முடிந்த கையோடு அக்காவுக்கு இருமல் தொடங்கியது. கண்டியில் தை, மாசி மாதங்களில் இருமாதவர் யார்? விடியற்காலையில் வாவியின் மேல் பனி இறங்கி நிற்கும். வீட்டுக்கு வீடு கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவியும். அக்காவும் அவித்துக் குடித்தார். நான் தொலைபேசியில் பேசியபோது, “கொஞ்சம் தேன் விட்டுக் குடியுங்கள் அக்கா” என்று வைத்தியம் சொன்னேன்.

மாசியில் வழமையாகப் பார்க்கும் வைத்தியரிடம் போனார். கிருமிகொல்லி மருந்து ஒரு வாரத்துக்குக் கொடுத்தார்கள். சற்றுக் குறைந்தது போலிருந்து மீண்டும் தொடங்கியது. இரண்டாவது முறை வேறு ஒரு கிருமிகொல்லி. சித்திரையில் ‘தொய்வாக இருக்கலாம்’ என்று இழுக்கும் மருந்து கொடுத்தார்கள். மூன்று மாதம் அதை இழுத்தார். இடது தோளில் ஒரு வலி வந்தது, அது வாதம் என்று எண்ணெய் பூசப்பட்டது. மெலிந்து போனார். “சீனியைக் குறைத்தது நல்லதாய்ப் போயிற்று” என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஆவணியில் பெரஹரா பார்க்க வந்த உறவினரோடு கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போனவர் பாதி வழியில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து விட்டார். மூச்சு எடுக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் முதலாவது எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. எட்டு மாதங்களுக்குப் பின்னர், முதலாவது எக்ஸ்ரே.

இடப்பக்க நெஞ்சில் நீர் கட்டியிருந்தது. கசநோயாக இருக்கலாம் என்றார்கள். அது நியாயமான சந்தேகந்தான். நமது நாட்டில் ஆண்டுதோறும் எட்டாயிரம், ஒன்பதாயிரம் பேருக்குக் கசநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. சளியைப் பரிசோதித்தார்கள், கிருமி இல்லை. வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விட்டோம். கசநோய் இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம் செய்து கொண்டோம். சி.ரி. ஸ்கான், நீரைப் பரிசோதித்தல், திசுப் பரிசோதனை என்று மேலும் இரண்டரை மாதங்கள் சென்றன. கார்த்திகையில் முடிவு வந்தது. நான்காம் நிலை. சத்திரசிகிச்சைக்கு இடமில்லை.

அந்தக் கடதாசியைப் பார்த்துவிட்டு அக்கா கேட்ட முதற் கேள்வியை நான் மறக்க மாட்டேன். “தம்பி, நான் என்ன சுருட்டா குடிச்சனான்?”

அதில் ஆச்சரியத்தைவிட அவமானம் கூடுதலாக இருந்தது. மார்பகப் புற்றுநோய் வந்த பெண்ணைப் பார்த்து ஊர் இரக்கப்படும். நுரையீரலில் வந்தவளைப் பார்த்து ஊர் ஒரு கணம் யோசிக்கும். அந்த ஒரு கணத்துக்குப் பயந்து, வருகின்றவர்களிடம் எல்லாம் ‘நெஞ்சில் சளி’ என்றே சொல்லும்படி எங்களைக் கேட்டுக் கொண்டார். பதினொரு மாதங்கள் இருந்தார். சொன்னபடியே சொன்னோம்.

ஏன் பிந்துகிறது?

இது ஒரு வீட்டுக் கதையாக மட்டும் இருந்தால் உங்கள் நேரத்தை வீணாக்கியிருக்க மாட்டேன். அக்காவோடு சிகிச்சை நிலைய வாங்குகளில் காத்திருந்த நாட்களில் பக்கத்தில் இருந்தவர்களிடம் பேச்சுக் கொடுப்பேன். பத்திரிகைக்காரனின் பழைய நோய் அது. கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலை என்று பல இடங்களிலிருந்து வந்திருந்தார்கள். சிங்களப் பெண்கள், முஸ்லிம் பெண்கள், தோட்டத்துப் பெண்கள். ஊரும் மொழியும் வேறு, கதை ஒன்று. முதலில் இருமல், பிறகு மருந்து, பிறகு இன்னொரு மருந்து, பிறகு மாதங்கள்.

இந்தத் தாமதத்தை மூன்றாகப் பிரிக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

முதலாவது, வீட்டுக்குள் நிகழும் தாமதம். ஆண் இருமினால் மனைவி வைத்தியரிடம் விரட்டுவாள். மனைவி இருமினால் அவளே கொத்தமல்லி அவிப்பாள். தோட்டத்தில் இது இன்னும் கடுமையானது. பெரியாஸ்பத்திரிக்கு ஒரு நாள் போவதென்றால் அன்றைய பேர் இல்லை, சம்பளம் இல்லை. பஸ்ஸுக்குப் பணம் வேண்டும். துணைக்குப் போகின்றவரின் ஒரு நாள் கூலியும் போகும். ஒரு பரிசோதனைக்கு மூன்று முறை வரச் சொன்னால் ஆறு நாட்கூலி. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவள் இருமலைப் பொறுத்துக் கொள்கிறாள். அறியாமை என்று நாம் அதற்குப் பெயர் வைக்கிறோம்.

இரண்டாவது, முதலில் பார்க்கும் வைத்தியரிடம் நிகழும் தாமதம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிகரெட் பிடிக்கும் அறுபது வயது ஆண் மூன்று வாரம் இருமினால் எந்த வைத்தியரின் மனத்திலும் புற்றுநோய் என்ற சொல் வந்துபோகும். அதே வயதுப் பெண் சேலை உடுத்தி, திருநீறு பூசி, “நான் ஒன்றும் பாவிக்கிறதில்லை” என்று சொன்னால் அந்தச் சொல் வருவதில்லை. தொய்வு, சளி, கசம், வாதம், இருதயம் என்ற வரிசை முடிந்த பிறகே அது வருகிறது. புகையிலைக்கு எதிரான பிரசாரத்தின் வெற்றியே ஒரு வகையில் இதற்குக் காரணமாகிவிட்டது. நுரையீரல் புற்றுநோய் என்றால் புகைப்பவனின் நோய் என்று ஊருக்கும் பதிந்துவிட்டது, வைத்தியருக்கும் பதிந்துவிட்டது.

மூன்றாவது, பரிசோதனைகளுக்கு இடையிலான காத்திருப்பு. ஸ்கானுக்கு ஒரு திகதி, அதன் அறிக்கைக்கு ஒரு திகதி, திசுப் பரிசோதனைக்கு ஒரு திகதி. இலவச வைத்தியம் நமது நாட்டின் பெருமை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு சதமும் வாங்காமல் அக்காவின் நெஞ்சிலிருந்து நீரை எடுத்த இளம் வைத்தியர்களின் முகங்கள் என் கண்ணில் நிற்கின்றன. ஆனால் வரிசை நீளமானது. 2022 பொருளாதார நெருக்கடியில் புற்றுநோய் மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்ததை நாம் கண்டோம். வசதியுள்ளவர்கள் தனியாரிடம் சனல் செய்து ஸ்கானை முந்தி எடுக்கிறார்கள். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். மலையகத் தமிழ்ப் பெண்ணுக்கு இதற்கு மேல் மொழி என்ற ஒரு வாசலும் இருக்கிறது. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுதி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. “அடுத்த முறை வரும்போது பழைய எக்ஸ்ரேயையும் கொண்டுவா” என்ற ஒரு வசனம் அவளுக்கு விளங்கும் மொழியில் சொல்லப்படாததால் ஒரு மாதம் போனதை நானே பார்த்தேன்.

இந்த மாதங்களின் விலை என்ன? நோய் நுரையீரலோடு நிற்கும்போது கண்டுபிடிக்கப்பட்டால் பத்தில் ஆறு பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள் என்று அமெரிக்கப் பதிவேடுகள் காட்டுகின்றன. வேறு உறுப்புகளுக்குப் பரவிய பின்னர் கண்டுபிடிக்கப்பட்டால் பத்தில் ஒருவர் கூட இல்லை. வசதி மிகுந்த நாட்டின் கணக்கே இப்படி.

புகைக்காதவருக்கு எங்கிருந்து புகை?

அக்காவின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பின்னர் தேடிப் படித்தேன்.

2022ஆம் ஆண்டில் உலகில் சுமார் 24 இலட்சத்து 80 ஆயிரம் பேருக்கு நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. 18 இலட்சம் பேர் அதனால் இறந்தார்கள். எல்லாப் புற்றுநோய்களிலும் இதுவே முதலிடம். அந்தப் புதிய நோயாளர்களில் ஒன்பது இலட்சம் பேர் பெண்கள். அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டிலேயே பெண்களைக் கொல்லும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோயை இது முந்திவிட்டது. அங்கே பெண்கள் புகைத்தார்கள், காரணம் தெளிவு. ஆனால் ஆசியாவில் கதை வேறு. புகைக்காத பெண்களிடத்தில் இந்நோய் காணப்படுவது இங்கே அதிகம். பெண்களுக்கு வருவதில் பத்தில் ஆறு, சுரப்பிக் கலங்களிலிருந்து தோன்றும் ஒரு வகை. அது பெரும்பாலும் நுரையீரலின் ஓரங்களில் வளர்வதால் நீண்ட காலம் சத்தமில்லாமல் இருக்கும். இரத்தம் துப்புவது வரையில் காத்திருந்தால், சில வேளை இரத்தம் வராமலே எல்லாம் முடிந்துவிடும். அக்காவுக்கு அப்படித்தான்.

இலங்கையில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகமும் தைரொயிட்டும் முன்வரிசையில் நிற்கின்றன. நுரையீரல் பின்வரிசை. பின்வரிசை என்பதே அதன் வசதி, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் பெண்களில் சிகரெட் பிடிப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர் இருவர் கூடத் தேறமாட்டார்கள். அப்படியிருந்தும் வருகிறதென்றால் புகை வேறு வாசலால் நுழைகிறது என்பதுதானே பொருள்?

முதலாவது வாசல் குசினி. 2012 குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையின் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட வீடுகளில் விறகுதான் எரிந்தது. பிறகு எரிவாயு பரவலாயிற்று. 2021 ஒக்டோபர் மாதம் வரையில் 1,500 ரூபாவுக்கும் குறைவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. அதுவும் கிடைக்கவில்லை. கண்டி நகருக்குள்ளேயே பலர் மீண்டும் மூன்று கல்லை வைத்து விறகு மூட்டினார்கள். திரும்பிப் போனவர்களில் எல்லோரும் மீண்டு வரவில்லை. தோட்டத்து லயன் காம்பராவில் இந்தப் பிரச்சினைக்கு 2022 என்று ஒரு தொடக்கம் கிடையாது. புகைபோக்கியில்லாத ஓர் ஓரத்தில், ஒரு கதவுக்குப் பக்கத்தில், மழைக்கு நனைந்த விறகை ஊதி ஊதி எரிய வைத்தே தலைமுறைகள் போயின. அக்கா நீண்ட காலம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவர். அவருடைய குவாட்டர்ஸ் குசினியின் கூரைத் தகரம் கரியேறிப் பளபளத்தது எனக்கு நினைவிருக்கிறது. அதை நான் அழகு என்று எண்ணியிருந்த வயது.

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் விறகுப் புகையைப் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற வகையிலும், வீட்டில் எரிக்கும் நிலக்கரிப் புகையை ‘உண்டாக்குகிறது’ என்ற வகையிலும் வைத்திருக்கிறது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் சுவான்வெய் என்ற ஓர் இடம். அங்கே பெண்கள் புகைப்பதில்லை, ஆனால் புகைபோக்கி இல்லாத குழி அடுப்பில் புகை மிகுந்த நிலக்கரியை எரித்தார்கள். நுரையீரல் புற்றுநோய் அங்கே பெண்களை வாரிக் கொண்டு போயிற்று. பிறகு புகைபோக்கியுள்ள அடுப்புக்கு மாறிய வீடுகளை ஆராய்ந்து 2002இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்த வீடுகளின் பெண்களுக்கு நோய் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. மருந்தல்ல, இயந்திரமல்ல. ஒரு புகைபோக்கி.

இரண்டாவது வாசல் நகரம். கண்டி ஒரு கிண்ணம். ஹந்தானையும் உடவத்தைக் காடும் பைரவக்கந்தையும் சூழ நிற்க, நடுவில் சுமார் 500 மீற்றர் உயரத்தில் வாவியும் மாளிகையும் கடைவீதியும். போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் தடுத்து நிறுத்திய அதே மலைகள் இன்று பஸ் புகையை வெளியே விடாமல் தடுக்கின்றன. குளிர்ந்த காற்று கீழே தங்க, அதன்மேல் வெப்பக் காற்று மூடி போட்டதுபோல் நிற்கும் காலைகளில் புகைக்குப் போக்கிடமில்லை. 1998 ஜனவரியில் தலதா மாளிகை மீது குண்டுத் தாக்குதல் நடந்த பின்னர் மாளிகைக்கு முன்னாலுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. வாகனங்கள் வாவியைச் சுற்றி ஊர்ந்தன. காரணம் நியாயமானது, விளைவை நமது மூக்குகள் சொல்லும். கண்டியின் காற்று கொழும்பின் காற்றைவிட மோசமடைந்து வருகிறது என்று பேராதனைப் பல்கலைக்கழகத்து இரசாயனவியல் பேராசிரியர் ஒலிவர் இலேபெரும பல ஆண்டுகளாக எச்சரித்து வந்தார். 2002இல் ஈயமுள்ள பெற்றோல் நிறுத்தப்பட்டது. 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கியது. நல்ல காரியங்கள்தாம். ஆனால் பஸ் நிலையத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள், சான்றிதழ் பெற்ற புகை உங்கள் சட்டையில் படியும். வெளிக்காற்று மாசு புற்றுநோயை உண்டாக்குகிறது என்று மேற்சொன்ன முகவரகம் 2013இல் ஐயத்துக்கு இடமின்றி அறிவித்துவிட்டது.

மூன்றாவது வாசல் பற்றி எழுதும்போதுதான் எனக்குக் கை தயங்குகிறது. 1981இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ஹிரயாமா ஓர் ஆய்வை வெளியிட்டார். புகைக்காத 91,540 மனைவியரைப் பதினான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. கணவன் எவ்வளவு அதிகம் புகைத்தானோ, மனைவி நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பும் அவ்வளவு அதிகமாக இருந்தது. சிகரெட்டைப் பிடித்தவன் அவன், புகையைப் பங்கு போட்டவள் அவள்.

அத்தான் நாளொன்றுக்கு ஒரு பெட்டி பிடிப்பார். அது மட்டுமன்று. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வார இறுதிகளில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனால், முன்விறாந்தையில் நாங்கள் இருவரும் அரசியல் பேசி ஊதித் தள்ளுவோம். மழை என்றால் உள்ளே இருந்து ஊதுவோம். கண்டியில் மழைக்குக் குறைவில்லை. அக்கா தேநீர் கொண்டு வருவார், சாம்பல் கிண்ணத்தை எடுத்துக் கழுவி வைப்பார், எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு கதவடியில் நிற்பார். அந்நாட்களில் பத்திரிகையில் புகைத்தலின் தீமை பற்றி நான் எழுதியிருக்கிறேன். ஒரு கையில் பேனை, மறு கையில் சிகரெட். 1991இல் அதை விட்டேன். அத்தான் விடவில்லை. எழுபத்தெட்டு வயது வரை வாழ்ந்து இருதய நோயால் போனார்.

குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டிய ஒருவன் என்று மேலே சொன்னேன் அல்லவா? அவனைத்தான் சொன்னேன். எந்தப் புகை அக்காவின் நுரையீரலில் அந்த முதற் கலத்தைக் கெடுத்தது என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. எந்தப் புகையும் இல்லாமலே சிலருக்கு வருவதும் உண்மை. ஆயினும் ‘நான் அல்ல’ என்று சொல்லும் துணிவு எனக்கில்லை.

என்ன செய்யலாம்?

எல்லோருக்கும் ஸ்கான் எடுத்துவிட்டால் முடிந்தது என்று சிலர் சொல்லக்கூடும். குறைந்த கதிர்வீச்சு சி.ரி. ஸ்கான் மூலம் இந்நோயால் ஏற்படும் இறப்பை 20 சதவீதம் குறைக்கலாம் என்று 2011இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்று காட்டியது உண்மை. ஆனால் அந்த ஆய்வு கடுமையாகப் புகைத்தவர்களிடையே செய்யப்பட்டது. இன்றும் அமெரிக்க வழிகாட்டுதல் புகைத்தவர்களுக்கே அதை விதிக்கிறது. அக்கா அமெரிக்காவில் இருந்திருந்தாலும் அந்த வரிசையில் இடம் கிடைத்திராது. தாய்வான் 2022இல் தொடங்கிய திட்டத்தில், புகைக்காதவரானாலும் குடும்பத்தில் இந்நோய் வந்திருந்தால் இடமளித்தது. நமது நாட்டில் நோயுள்ளவருக்கே ஸ்கான் திகதி கிடைப்பது அரிது. நோயற்ற இலட்சக்கணக்கானோருக்கு எடுக்கப் புறப்பட்டால் உண்மையான நோயாளி இன்னும் பின்னுக்குத் தள்ளப்படுவாள். தேவையற்ற பயமும் தேவையற்ற ஊசிகளும் மிஞ்சும். ஆகவே அதை நான் கேட்கவில்லை. நான் கேட்பவை சிறியவை.

ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை என்று கசநோய்த் திட்டம் பல்லாண்டுகளாக மக்களுக்குச் சொல்லி வருகிறது. அந்த நல்ல பழக்கத்தின் மேலேயே இன்னொரு படி வைக்கலாம். சளியில் கிருமி இல்லை, ஆனால் இருமல் நிற்கவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பாமல் எக்ஸ்ரே, அதற்கும் மேல் தேவையானால் ஸ்கான் என்று ஒரே கடிதத்தில் எழுதிக் கொடுத்தல். இரண்டாவது முறை கிருமிகொல்லி எழுதும் கை, கூடவே எக்ஸ்ரே என்றும் எழுத வேண்டும். எக்ஸ்ரே எல்லாவற்றையும் காட்டிவிடாது, தெளிவாக இருந்தும் இருமல் தொடர்ந்தால் அங்கேயும் நின்றுவிடக் கூடாது.

இரண்டு. 1996 முதல் நாடெங்கும் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் இயங்குகின்றன. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களின் இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றைப் பார்க்கும் அருமையான ஏற்பாடு. அந்தப் படிவத்தில் இன்னும் மூன்று கேள்விகள் சேர்க்க எவ்வளவு மை செலவாகும்? எத்தனை வாரமாக இருமுகிறீர்கள்? எதை எரித்துச் சமைக்கிறீர்கள்? வீட்டுக்குள் யார் புகைக்கிறார்கள்? லயத்துக்கு நடந்து போகும் குடும்ப நல உத்தியோகத்தரை விட இதைக் கேட்கத் தகுதியானவர் இல்லை. கேள்வி தமிழில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

மூன்று. புதிய வீட்டுத் திட்டங்களில் புகைபோக்கி ஓர் அலங்காரமல்ல. பழைய லயங்களில் குசினிக்கு ஒரு புகைபோக்கி வைப்பது ஒரு வாக்குறுதியைவிட மலிவானது. தேர்தலுக்குத் தேர்தல் தகரம் கொடுக்கிறவர்கள் ஒரு முறை அதையும் கொடுத்துப் பார்க்கலாம்.

நான்கு. 2003இல் உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை ஆசியாவில் முதலில் ஏற்றவர்களுள் நாமும் ஒருவர். 2006இல் சட்டம் வந்தது. பெட்டியின் 80 சதவீதத்தைப் படம் மூடுகிறது. ஆனால் சட்டம் அலுவலகத்துக்கும் பஸ்ஸுக்கும் வரும், வீட்டு விறாந்தைக்கு வராது. அங்கே அதைச் சொல்ல வேண்டியவர்கள் பிள்ளைகள்.

ஐந்து. நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். 2016இல், புற்றுநோயால் மகனை இழந்த ஒரு தந்தை வெளியே வந்து பேசியதால்தான் மகரகம வைத்தியசாலைக்கு ஒரு ஸ்கான் இயந்திரம் வாங்கவென நாடே 20 கோடி ரூபா சேர்த்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் கொடுத்தார்கள். பெயர் சொல்லப்பட்ட நோய்க்குத்தான் பணம் சேரும், வரிசை குறையும், வைத்தியர் நினைவில் நிற்கும். ‘சிறிது காலம் சுகவீனமுற்றிருந்த’ ஆயிரக்கணக்கான பெண்களுக்கு யாரும் உண்டியல் குலுக்கப் போவதில்லை.

இருமுகின்ற ஒவ்வொருவருக்கும் புற்றுநோய் என்று நான் பயமுறுத்தவில்லை. நூறு பேரின் இருமலில் மிகப் பெரும்பாலானவை சாதாரண இருமல்களே. ஆனால் மூன்று வாரம் கடந்த இருமல், காரணமின்றி மெலிதல், தோளிலோ நெஞ்சிலோ விடாத வலி, குரல் கம்மிப் போதல், நடந்தால் மூச்சு வாங்குதல் இவற்றில் எதற்கும் ‘நான் புகைப்பதில்லையே’ என்பது பதிலாகாது. நேரத்தோடு கண்டுபிடித்தால் வெட்டி எடுத்துக் குணமாக்க இடமுண்டு. பிந்திக் கண்டவர்களிலும், குறிப்பாகப் புகைக்காத ஆசியப் பெண்களில் பலருக்கு, கட்டியின் மரபணு மாற்றத்தைப் பரிசோதித்து அதற்கேற்ற மாத்திரை கொடுக்கும் வைத்தியம் வந்திருக்கிறது. ஆகவே இது கைவிட வேண்டிய நோயுமன்று.

கடைசியாக, தொலைவில் இருந்து படிக்கும் உங்களுக்கு ஒரு வார்த்தை. அக்காவின் மகள் ரொறன்ரோவில் இருக்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் தாயோடு பேசுவாள். ஈமச் சடங்குக்கு வந்தவள் மஹியாவையிலிருந்து திரும்பும் வழியில் என்னிடம் சொன்னாள், “மாமா, எட்டு மாசம் நான் அந்த இருமலைப் போனில் கேட்டனான். ‘லைன் கிளியர் இல்லை அம்மா’ என்று சொல்லிப் போட்டுத் திரும்ப எடுப்பன்.”

அவளுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வாயில்லை. நான் கண்டியிலேயே இருந்தவன். அவள் கேட்ட அதே இருமலை நேரிலேயே கேட்டுக்கொண்டு தேநீர் குடித்தவன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பேசும்போது அம்மா என்ன சொல்கிறார் என்பதை மட்டுமன்றி, இடையில் எத்தனை முறை இருமுகிறார் என்பதையும் கேளுங்கள். எத்தனை வாரமாக என்று கேளுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் என்றால், பணம் அனுப்புவதற்கு முன்னர் எக்ஸ்ரே எடுத்த சீட்டை அனுப்பச் சொல்லுங்கள்.